ஏழு ஆங்கிலச் சொற்களுக்கும் ‘தணித்தல்’ என்ற ஒரே பொருள்தானா? மேல்நிலைச் சொற்களைக் கற்கும் முறை குறித்து

தணல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஐந்து மாதங்களாக ஆங்கிலத்தின் மேல்நிலைச் சொற்களைப் பட்டியல் வைத்து மனப்பாடம் செய்து வருகிறேன். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கத்தில் அதற்குத் தமிழில் ஒற்றைச் சொற்பொருளும் என்ற முறையில் ஏறத்தாழ 1,100 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. வலப்பக்கத்தை மறைத்துவிட்டு யாரேனும் கேட்டால் பத்தில் ஒன்பது சொற்களுக்குத் தடுமாறாமல் பொருள் சொல்லிவிடுவேன். ஆகவே என் ஆங்கிலம் வளர்ந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

சென்ற வாரம் பணி தொடர்பாக மூன்று பக்க அறிக்கை ஒன்றையும், அதனுடன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதம் ஒன்றையும் எழுதினேன். கற்ற சொற்களில் பத்துப் பன்னிரண்டை அவற்றில் பயன்படுத்தினேன். அவற்றைப் படித்துப் பார்த்த மூத்தவர் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நான்கு சொற்களின் கீழ் மட்டும் கோடிட்டு, “இந்தச் சொல் இங்கே வராது” என்று எழுதித் திருப்பித் தந்தார். ஏன் வராது என்று கேட்டேன். காரணத்தை விளக்கத் தனக்குத் தெரியவில்லை என்றும், ஆனால் வராது என்பது மட்டும் உறுதி என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’, ‘அலே’, ‘அஸ்வேஜ்’, ‘ப்ளகேட்’, ‘மாலிஃபை’, ‘அப்பீஸ்’ ஆகிய ஏழு சொற்களுக்கும் நேராக ‘தணித்தல்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். அகராதிகளும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கின்றன. ஏழும் ஒன்றுதான் என்றால் ஏழு சொற்கள் எதற்கு? ஒன்றில்லை என்றால் வேறுபாட்டை எப்படிக் கற்பது? இதே முறையில் இன்னும் ஆயிரம் சொற்களைப் படிப்பதா, வழியை மாற்றிக்கொள்வதா என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடுவழி

தணல் அவர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. இதே ஏழு சொற்களில் நானும் இடறியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தமிழைப் பாருங்கள். பசி ஆறுகிறது, சினம் தணிகிறது, ஐயம் தீர்கிறது, அச்சம் அகலுகிறது, வலி குறைகிறது, அழுகிறவரைத் தேற்றுகிறோம். இவற்றுள் எந்த வினையையும் இடம் மாற்றிப் பாருங்கள். ‘ஐயம் ஆறியது’ என்றோ ‘வலியைத் தேற்றினேன்’ என்றோ எழுதினால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் தமிழ் அறிந்த எவரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுவார். “ஏன் வராது?” என்று நீங்கள் கேட்டால், உங்கள் மூத்தவரைப் போலவே அவரும் காரணம் சொல்லத் தெரியாமல் விழிப்பார். ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களோடு பழகியிருக்கிறதோ அந்தப் பழக்கமே அதன் பொருளில் பாதி. ‘கனமழை’ உண்டு, ‘கனக் காற்று’ இல்லை; ‘ஆழ்ந்த உறக்கம்’ உண்டு, ‘ஆழ்ந்த பசி’ இல்லை. தாய்மொழியில் இந்தப் பழக்கம் கேட்டுக் கேட்டே படிந்துவிடுவதால் அப்படி ஒன்று இருப்பதையே நாம் உணர்வதில்லை. வேற்று மொழியைப் பட்டியல் வழியாகக் கற்கும்போது அந்தப் பாதியைத்தான் வெட்டி எறிந்துவிடுகிறோம்.

இனி உங்கள் ஏழு சொற்கள்.

‘மிட்டிகேட்’ என்பது பெரும்பாலும் விளைவுகளோடு வரும் சொல். இழப்பு, பாதிப்பு, இடர் ஆகியவற்றின் கடுமையைக் குறைப்பது அதன் வேலை. மழை வரத்தான் போகிறது, வெள்ளத்தால் நேரும் சேதத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்கிறோம் என்றால் அது மிட்டிகேட். நீதிமன்ற வழக்கிலும் இச்சொல் உண்டு. குற்றத்தை மறுக்காமல், தண்டனையின் கடுமையைக் குறைக்கத்தக்க சூழ்நிலைகளைச் சுட்டும்போது இதையே பயன்படுத்துகிறார்கள். மென்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

‘அலீவியேட்’ என்பது வலி, துன்பம், வறுமை, நெரிசல் போன்ற சுமைகளோடு வருகிறது. இலத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் எடை குறைந்தது. ஆகவே இது சுமையை இலேசாக்கும் சொல். நோய் அப்படியே இருக்கலாம். தாங்க முடியாதது தாங்கக்கூடியதாகிறது.

‘அலே’ என்ற சொல்லுக்கு மிகவும் நெருங்கிய துணைகள் அச்சமும் ஐயமும் கவலையும்தான். ‘வறுமையை அலே செய்தார்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஏழில் இது ஒன்றுதான் இலத்தீன் வழி வராமல் பழைய ஆங்கிலத்திலிருந்தே வந்தது. கீழே வைத்தல், ஒதுக்கி வைத்தல் என்பது அதன் அடிப்படை.

‘அஸ்வேஜ்’ என்பதற்குத் தமிழில் ‘ஆற்றுதல்’ மிக அழகாகப் பொருந்தும். குற்ற உணர்வு, துயரம், பசி, தாகம் ஆகிய உள்ளிருந்து வருத்துபவற்றோடு இச்சொல் சேர்கிறது. இனிமை என்று பொருள்படும் இலத்தீன் வேர் இதற்குள் இருக்கிறது.

‘ப்ளகேட்’, ‘மாலிஃபை’ ஆகிய இரண்டுக்கும் செயப்படுபொருளாக வருபவர் பெரும்பாலும் மனிதர்தான். சினந்திருப்பவரைச் சமாதானப்படுத்துவது ப்ளகேட். மனம் இளகச் செய்வது மாலிஃபை. ஆகவே ‘என் ஐயத்தை ப்ளகேட் செய்தார்’ என்று எழுதியிருந்தால் அது கோடிடப்பட்டதில் வியப்பில்லை.

‘அப்பீஸ்’ தனிக்கதை. அதைப் பிறகு எழுதுகிறேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: ஏழும் ஒன்றல்ல. ஏழையும் ஒன்றாக்கியது வலப்பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைச் சொல். தமிழில் வேறுபடுத்தச் சொற்கள் இருந்தும் நாம் அவற்றைத் தேடவில்லை. ‘அலே: தணித்தல்’ என்று எழுதாமல் ‘அச்சத்தை அலே செய்தல்: அச்சம் அகற்றுதல்’ என்று எழுதியிருந்தால், ஒரே வரியில் இரு மொழிகளின் பழக்கமும் பதிவாகியிருக்கும்.

வினாவிடை

நெடுவழி அவர்களின் விளக்கம் அருமையானது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எல்லோரும் எழுத்தாளராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ ஆவதற்காகச் சொற்களைக் கற்பதில்லை. என்னைப் போன்ற பலருக்கு ஒரு தேர்வு இருக்கிறது, அதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இருப்பது 60 நாட்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவிட்டால் அந்த 60 நாட்களில் 300 சொற்களைக்கூடத் தாண்ட முடியாது. பட்டியல் குறையுடையதுதான், ஆனால் ஒரு சொல்லை முதன்முறையாகத் தேர்வுத்தாளில் பார்ப்பதற்கும், எங்கோ பார்த்த முகம் என்ற நினைவோடு பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பார்த்தால் அடையாளம் காண்பது வேறு, தானாக எடுத்தாள்வது வேறு. முதலாவதற்குப் பட்டியலே போதுமானது என்பது என் கருத்து.

கூர்நோக்கு

வினாவிடை அவர்களுக்கு: அடையாளம் காண்பதையும் எடுத்தாள்வதையும் நீங்கள் பிரித்துச் சொன்னது மிகச் சரியானது, இந்த இழையில் அதை யாராவது சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தேர்வுகளைப் பற்றிய உங்கள் கணிப்பு பழையதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்காக எழுதும் ஜிஆர்ஈ தேர்வில் ஒரு சொல்லைத் தந்து எதிர்ச்சொல்லைக் கேட்கும் வினாக்கள் ஒரு காலத்தில் இருந்தன. ஒற்றைச் சொற்பொருள் பட்டியல்கள் செழித்ததும் அவற்றால்தான். 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தேர்வு திருத்தியமைக்கப்பட்டபோது எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் நீக்கப்பட்டன. இப்போது வாக்கியத்தில் ஓர் இடத்தை வெற்றாக விட்டு, அதில் வைத்தால் ஒரே பொருளைத் தரக்கூடிய இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தணல் அவர்களின் குறிப்பேட்டை மட்டும் படித்துவிட்டுச் செல்பவர், விடைத்தெரிவுகளில் ‘அலே’, ‘ப்ளகேட்’, ‘மாலிஃபை’ மூன்றும் இருந்தால் எந்த இரண்டை எடுப்பார்? ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியிலும் மதிப்பிடும் நான்கு கூறுகளில் ஒன்று சொல்வளம். அங்கேயும் அரிய சொல்லைப் பயன்படுத்தினாரா என்பதோடு, பொருத்தமான சேர்க்கையில் பயன்படுத்தினாரா என்றும் பார்க்கிறார்கள்.

ஆகவே 60 நாட்களே இருந்தாலும் 1,000 சொற்களை நுனிப்புல் மேய்வதைவிட 400 சொற்களை அவற்றின் துணைச்சொற்களோடு கற்பதே தேர்வுக்கும் நல்லது.

வினாவிடை

தேர்வு மாறியதை அறிவேன். 400 சொற்களோடு சென்றவருக்கு மீதமுள்ள 600இலிருந்து வினா வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. நான் இரண்டையும் கலந்து படிக்கப்போகிறேன்: 1,000க்கும் மேலோட்டமான அறிமுகம், அவற்றுள் 300க்கு ஆழமான பழக்கம்.

வேர்தேடி

இவ்வளவு பேசியும் சொல்லின் வேர்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். ஆங்கில மேல்நிலைச் சொற்களில் மிகப் பெரும் பகுதி இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. ஒரு வேரைக் கற்றால் ஒரு குடும்பமே கைக்கு வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ‘மந்தை’ என்று பொருள்படும் இலத்தீன் ‘க்ரெக்ஸ்’. மந்தையோடு சேர்ந்திருக்க விரும்புபவர் ‘க்ரிகேரியஸ்’. மந்தையிலிருந்து பிரித்து வைப்பது ‘செக்ரிகேட்’. ஒன்றாகக் கூடுவது ‘காங்ரிகேட்’. சேர்த்துத் தொகுப்பது ‘அக்ரிகேட்’. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது ‘எக்ரீஜியஸ்’. ஐந்து சொற்களுக்கு ஒரே படம்! அதேபோல, கிரேக்கத்தில் ‘ஹெமெரா’ என்றால் பகல், நாள்; ஒரு நாளே நிலைத்திருப்பது ‘எஃபெமரல்’. இந்தப் படம் ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால் அந்தச் சொல்லை மறக்கவே முடியாது. தனித்தனியாக 1,100 சொற்களை உருப்போடுவதைவிட 100 வேர்களைக் கற்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

கூர்நோக்கு

வேர்தேடி அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். மந்தை எடுத்துக்காட்டு உண்மையிலேயே இனிமையானது. ஆனால் அந்தக் குடும்பத்தின் கடைசி உறுப்பினரைச் சற்று உற்றுப் பாருங்கள். மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்பதால் ‘எக்ரீஜியஸ்’ என்றால் ‘தலைசிறந்த’ என்றுதானே ஊகிப்போம்? பழங்காலத்தில் அப்படித்தான் பொருள் இருந்தது. இன்றோ அது வெட்கக்கேடான அளவுக்கு மோசமான பிழைக்கும் அநீதிக்கும் உரிய அடைமொழி. ஓர் அறிஞரைப் பாராட்ட நினைத்து இந்தச் சொல்லை எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைவிட ஆபத்தானது ‘எனர்வேட்’. ஒலியைக் கேட்டால் ஆற்றல் ஊட்டுவது போலத் தோன்றும். உண்மையில் ஆற்றலை உறிஞ்சி வலுவிழக்கச் செய்வதே அதன் பொருள். ‘நாய்சம்’ என்ற சொல்லுக்கும் இரைச்சலுக்கும் தொடர்பில்லை. அது அருவருப்பான நாற்றத்தைக் குறிப்பது. ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை என்று கற்றவர் ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைத் தீப்பற்றாதது என்று படித்தால் அது மொழிப்பிழையோடு நிற்காது. உயிருக்கே உலை வைக்கும். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு நூற்பாவே இருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்று வருகிறது. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த உடனே புலப்படாது என்கிறது அது. காரணமே இல்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே என் பரிந்துரை இது: வேரை வைத்துப் பொருளை ஊகிக்காதீர்கள், பொருளை அறிந்த பிறகு, அது மனத்தில் ஒட்டிக்கொள்வதற்காக வேரைப் பாருங்கள்.

வேர்தேடி

‘எனர்வேட்’ பற்றி நான் இத்தனை நாள் தவறாகவே நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நன்றி. ஊகிப்பதற்கு வேண்டாம், நினைவில் வைத்துக்கொள்வதற்கு வேண்டும் என்ற பிரிப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

கரையோரம்

மறதியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 1,100 சொற்களில் பத்துக்கு ஒன்பது நினைவில் இருக்கிறது என்று தணல் எழுதியிருக்கிறார். அண்மையில் படித்தவற்றைச் சோதித்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஐந்து மாதங்களுக்கு முன் முதல் வாரத்தில் எழுதிய பக்கத்தைத் திறந்து சோதித்துப் பாருங்கள், கணக்கு மாறலாம்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது, எஞ்சியது மெதுவாகக் கரைகிறது என்பது அவர் கண்டது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, நாட்களைப் பரப்பிப் படிப்பது நெடுநாள் நிற்கிறது என்பதும் அதிலிருந்தே தெரிந்தது. இந்த அடிப்படையில் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பெட்டி முறை ஒன்றை விளக்கினார். சொற்களை அட்டைகளில் எழுதி, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த பெட்டிக்கு நகர்த்த வேண்டும். தவறினால் அது முதல் பெட்டிக்கே திரும்பும். பின்னால் உள்ள பெட்டிகளைத் திறக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். இன்று பலர் கைப்பேசியில் பயன்படுத்தும் ஆங்கி போன்ற செயலிகள் இதையே கணக்கிட்டுச் செய்கின்றன.

என் அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, தொடக்க ஆர்வத்தில் நாளொன்றுக்கு 30 புதிய அட்டைகளைச் சேர்த்தேன். மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு நாளும் திரும்பப் பார்க்க வேண்டியவை 200ஐத் தாண்டிவிட்டன. ஒரு நாள் தவறியதும் மலை போலக் குவிந்து, ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது நாளுக்கு 7 மட்டும். இரண்டு ஆண்டுகளாக இடைவிடாமல் நடக்கிறது. இரண்டாவது, அட்டையின் முன்பக்கத்தில் தனிச்சொல்லை எழுதுவதை நிறுத்திவிட்டேன். நான் படித்த ஒரு வாக்கியத்தை, அந்தச் சொல் இருந்த இடத்தைக் கோடாக விட்டு, அப்படியே எழுதுகிறேன். சொல் என் நினைவிலிருந்து வெளியே வர வேண்டும். வினாவிடை அவர்கள் சொன்ன ‘எடுத்தாளும்’ பயிற்சி அட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

தணல்

அனைவருக்கும் நன்றி. கரையோரம் அவர்கள் சொன்னபடி முதல் வாரப் பக்கத்தைச் சோதித்தேன். 40 சொற்களில் 17 மட்டுமே நினைவில் இருந்தன. மனம் கனத்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. வாக்கியத்தோடு கற்க வேண்டும் என்றால் அந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுப்பது? அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்தால், அந்தப் பொருளிலேயே தெரியாத சொல் வருகிறது. அதைப் பார்த்தால் மற்றொன்று. இரண்டாவது, எந்தச் சொற்களை முதலில் கற்க வேண்டும் என்பதற்கு ஏதேனும் அளவுகோல் இருக்கிறதா?

கூர்நோக்கு

முதல் ஐயத்துக்கும் உரியியலிலேயே விடை இருக்கிறது: “பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே.” பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது. நீங்கள் பயன்படுத்துவது தாய்மொழியினருக்காகத் தொகுக்கப்பட்ட அகராதி என்று தோன்றுகிறது. கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதிகள் வேறு. ஆக்ஸ்ஃபர்டு வெளியிட்ட ஹார்ன்பியின் அகராதி 1948இலிருந்து இந்த வழியைத் தொடங்கி வைத்தது. 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருள்களையும் விளக்கியது; அந்தச் சுழலில் நீங்கள் சிக்க வேண்டியதில்லை. 1987இல் வந்த கோபில்ட் அகராதியோ பொருளையே முழு வாக்கியமாக்கிவிட்டது. ‘அலே’ என்ற சொல்லுக்கு ஒற்றைச் சொல்லைத் தராமல், ஒருவருடைய அச்சத்தையோ ஐயத்தையோ என்று தொடங்கும் வாக்கியமாக விளக்கும்போது, நெடுவழி அவர்கள் சொன்ன துணைச்சொற்கள் விளக்கத்திலேயே வந்துவிடுகின்றன.

ஆனால் அட்டையில் எழுத வேண்டிய வாக்கியம் அகராதியிலிருந்து வருவதைவிட, நீங்கள் விரும்பிப் படித்த கட்டுரையிலிருந்து வருவது நல்லது. அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூழல் முழுவதும் சொல்லோடு சேர்ந்து நினைவில் நிற்கும்.

இரண்டாவது ஐயத்துக்கு அளவுகோல் உண்டு. மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. அதற்கு மேல், கல்விசார்ந்த எழுத்தில் எல்லாத் துறைகளிலும் மீண்டும் மீண்டும் வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதன் பிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) எவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தார். கல்விசார் உரைகளில் பத்தில் ஒரு பங்குச் சொற்கள் இந்த 570இலிருந்தே வருகின்றன. ‘ஆல்பீயிட்’, ‘வேர்பை’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ போன்றவை அதில் இருக்கின்றன. பார்ப்பதற்குப் பகட்டில்லாத இந்தச் சொற்கள் இல்லாமல் எந்த ஆழமான கட்டுரையும் நகராது. பலர் இவற்றைத் தாண்டிக் குதித்து, வாழ்நாளில் இருமுறைகூட எதிர்ப்படாத அரிய சொற்களைத் தேடிப் போகிறார்கள். அரிய சொல்தான் மேல்நிலைச் சொல் என்ற எண்ணமே நம்மை வழிதவறச் செய்கிறது என்று நான் கருதுகிறேன்.

இன்னுமோர் எண்ணையும் மனத்தில் வையுங்கள். பிறர் உதவியின்றி நாவலையோ நாளிதழையோ படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டால், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்பது சொல் கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கு. அத்தனையையும் அட்டையில் எழுதிக் கற்க முடியாது. பெரும்பகுதி வாசிப்பின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அட்டை அதற்கு ஊன்றுகோல்.

மெல்லோசை

சிறு குறிப்பு ஒன்று. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளாதீர்கள்; ஒலியையும் கேளுங்கள். நம் எழுத்தில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைக் காட்ட முடியாது. மிகைக்கூற்றைக் குறிக்கும் சொல்லை ‘ஹைப்பர்போல்’ என்று பல ஆண்டுகளாகப் படித்துவந்தேன்; அது ‘ஹைபர்பலி’ என்று ஓர் அவையில் கேட்டபோது வேறு ஏதோ சொல் என்று நினைத்துக்கொண்டேன். ‘எபிட்டமி’யும் அப்படித்தான், எழுத்தைப் பார்த்து ‘எபிடோம்’ என்று படித்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியாமல் போவது பெரிய இழப்பு.

ஏட்டுச்சுவடி

இவ்வளவு நேரம் எப்படிக் கற்பது என்றே பேசினோம். எப்போது பயன்படுத்துவது என்பதையும் பேச வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குகளில் சொற்கள் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் கோலோச்சியது. கல்வியும் சமயமும் இலத்தீனில் நடந்தன. மக்கள் நாவில் பழைய ஆங்கிலம் தொடர்ந்தது. ஆகவே ‘ஆஸ்க்’ என்பது வீட்டுச் சொல். பிரெஞ்சு வழி வந்த ‘க்வெஸ்சன்’ சற்று விறைப்பானது. இலத்தீன் வழி வந்த ‘இன்டெராகேட்’ விசாரணை அறைக்குரியது. தமிழிலும் ‘கேட்டார்’, ‘வினவினார்’, ‘விசாரணை செய்தார்’ என்ற மூன்றையும் நாம் இடம் மாற்றிப் பயன்படுத்துவதில்லை. குழந்தையிடம் ‘உண்டாயா என்று வினவினேன்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இறப்பைக் குறிக்க ‘செத்தான்’, ‘இறந்தார்’, ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்று எத்தனை படிகள் வைத்திருக்கிறோம்! மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்த மரபு நம்முடையது. ஒரு சொல்லுக்குப் பொருளோடு அது பேசப்படும் அவையும் உண்டு என்பது நமக்குப் புதிதல்ல. ஆகவே ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போதும் இது எந்த அவையின் சொல் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எளிய சொல் போதுமான இடத்தில் எளிய சொல்லையே எழுதுங்கள். மற்ற எந்தச் சொல்லாலும் அதே நுட்பத்தைச் சொல்ல முடியாத இடம் ஒன்று வரும். அந்த இடத்துக்காகத்தான் அரிய சொல்லைக் கற்று வைத்திருக்கிறோம்.

தணல்

இந்த இழையில் கிடைத்தவற்றை வைத்துக் கோடிடப்பட்ட நான்கு சொற்களையும் மீண்டும் பார்த்தேன். ‘இழப்பை ப்ளகேட் செய்தல்’ என்பதை ‘மிட்டிகேட்’ என்று மாற்றினேன். ‘வறுமையை அலே செய்தல்’ என்பதை ‘அலீவியேட்’ ஆக்கினேன். மூன்றாவது இடத்தில் ‘எக்ரீஜியஸ்’ இருந்தது. ஒரு குழுவின் உழைப்பைப் பாராட்டுவதற்காக எழுதியிருந்தேன். கூர்நோக்கு அவர்களின் பதிவைப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. அதை நீக்கிவிட்டு எளிய சொல் ஒன்றை வைத்தேன்.

நான்காவது மட்டும் இன்னும் புரியவில்லை. கடிதத்தில், ‘எங்கள் வாடிக்கையாளர்களை அப்பீஸ் செய்ய இந்த மாற்றங்களைச் செய்திருக்கிறோம்’ என்று எழுதியிருந்தேன். செயப்படுபொருள் மனிதர். அவர்கள் சினத்திலும் இருந்தார்கள். பிறகு எங்கே பிழை? நெடுவழி அவர்கள் தனிக்கதை என்று சொன்னது இதுதானோ?

நெடுவழி

இதுவேதான்.

‘அப்பீஸ்’ என்ற சொல் ‘அமைதிக்குக் கொண்டுவருதல்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1930களில் இட்லரின் கோரிக்கைகளுக்கு இணங்கிப் போரைத் தவிர்க்கலாம் என்று பிரிட்டன் கருதியபோது, அந்தக் கொள்கையை ஆதரித்தவர்களே இந்தச் சொல்லை நல்ல பொருளில் பயன்படுத்தினார்கள். 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் சுதேத்தன் பகுதியை பிரிட்டன் பிரதமர் செம்பர்லின் உள்ளிட்டோர் விட்டுக்கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் எஞ்சிய செக் நிலப்பகுதியும் இட்லரின் கைக்குள் போனது. அடுத்த செப்டம்பரில் உலகப் போரே மூண்டது. அன்றிலிருந்து இந்தச் சொல்லின் மேல் ஒரு கறை படிந்துவிட்டது. முறையற்ற கோரிக்கையோடு மிரட்டுபவருக்கு, கொள்கையை விட்டுக்கொடுத்து வாயை அடைப்பது என்ற குறிப்பு அதில் கலந்துவிட்டது. பசியையோ ஆவலையோ அப்பீஸ் செய்வதாக எழுதும்போது அந்தக் கறை தெரிவதில்லை. மனிதர்களைப் பற்றி எழுதும்போது தெரிகிறது.

ஆகவே உங்கள் வாக்கியத்தை ஓர் ஆங்கில வாசகர் படித்தால், வாடிக்கையாளர்களின் குறைகள் நியாயமற்றவை, ஆனாலும் அவர்களுடைய கூச்சலை அடக்க எதையோ கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல நினைத்தது அதற்கு நேர்மாறானது. அவர்களுடைய கவலைகளைக் கருத்தில் கொண்டு இந்த மாற்றங்களைச் செய்தோம் என்று எழுதுங்கள். அங்கே உங்கள் ஏழு சொற்களில் எதுவும் வேண்டாம். கவலைகளை ‘அட்ரஸ்’ செய்தோம் என்ற எளிய சொல்லே சரியாகப் பொருந்தும்.

தணல்

மாற்றிவிட்டேன். குறிப்பேட்டில் ‘அப்பீஸ்: தணித்தல்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘மிரட்டுபவருக்கு விட்டுக்கொடுத்து வாயடைத்தல், 1938’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஆறு சொற்களுக்கும் அட்டைகள் தயாராகிவிட்டன. நாளை முதல் நாளுக்கு 7.